கதவில்லாத மோட்டார் கொட்டகை

கந்தம்மாள் காலையில் மோட்டார் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் வண்டிகளைப் பார்க்க மாட்டாள். அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பாள். அங்கே குருவி உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்த பிறகுதான் துடைப்பத்தைக் கையில் எடுப்பாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவள் பார்வை போன பக்கம் தாங்களும் பார்த்துவிட்டு, "ஓடு ஒழுகுதுங்களா?" என்று கேட்பார்கள். அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டுவாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், புளியமரத்துக்கு எதிரே இருந்தது அந்தக் கொட்டகை. ஒரு காலத்தில் கடலைக்காய் மூட்டை அடுக்கும் கிடங்கு. அதற்குள் மூன்று பழைய மோட்டார்கள் நின்றன. ஓட்டுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. சேலம் ஜில்லாவில் அப்படி ஓர் இடம் வேறு கிடையாது. அதை உண்டாக்கினவர் அவள் புருஷன் சண்முகவேல். ஆனால் கடைசிவரை நடத்தினவள் கந்தம்மாள்தான். அவள் கைக்கு அது வந்த விதம் நல்ல விதமில்லை.

அவள் பிறந்தது இளம்பிள்ளையில், தறிக்காரர் வீட்டில். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கின நாளிலேயே அப்பாவுக்கு நூல் சுற்ற ஆள் வேண்டியிருந்தது, படிப்பு அதோடு நின்றது. சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. பாவில் ஓர் இழை அறுந்தால், நெய்கிறவருக்குத் தெரியும் முன்னே அவளுக்குத் தெரிந்துவிடும். வாயால் சொல்லமாட்டாள், எழுந்து போய் விரலை வைத்துக் காட்டுவாள். "இவளுக்கு நாக்கு விரல்ல இருக்குது" என்று அவள் அம்மா சொல்வாள்.

சண்முகவேல் அப்போது ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரிடம் டிரைவர். காக்கிக் கோட்டும் தொப்பியுமாகப் பெண் பார்க்க வந்தவர், வந்த வேகத்தில் தறிக்கூடத்துத் தூணில் இடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இந்த மனுஷனோடு பேசாமல் இருந்தாலும் காலம் தள்ளலாம் என்று கந்தம்மாளுக்குத் தோன்றியது. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

துரை ஊருக்குக் கப்பலேறினபோது, வாங்க ஆளில்லாத தன் பழைய மோட்டாரை டிரைவருக்கே விட்டுவிட்டுப் போனார். அதுதான் முதல் வண்டி, துரை வண்டி. அடுத்தது, மிட்டாதார் வீட்டு லாயத்தில் கிடந்தது. அதன் முகப்பு முழுக்கப் பித்தளை. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து சண்முகவேல் மாடு பூட்டி அதை இழுத்துவந்தார். புளி போட்டுத் தேய்த்ததும் அந்த மூக்கு கோயில் குடம்போல மின்னியது. அதற்குப் பெயர் பித்தளை மூக்கு.

மூன்றாவதுதான் கறுப்பு வண்டி. மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் உருண்டு, உள்ளேயிருந்த வியாபாரியைக் கொன்ற வண்டி. யாரும் தொடவில்லை, இரண்டு மழைக்காலம் பள்ளத்திலேயே கிடந்தது. சண்முகவேல் கயிறு கட்டி மேலே ஏற்றிக் கொண்டுவந்து நசுங்கலைத் தட்டி நிமிர்த்தினார். அது கொட்டகைக்குள் நுழைந்த அன்று, எதிரே இட்டிலிக் கடை வைத்திருந்த ஆராயி வாசலில் நின்று கையை உதறினாள்.

"ஏனுங்க டிரைவரே, காவு வாங்குன வண்டியப் போய் ஊட்டுக்குள்ள கூட்டியாரீங்களே! ஒண்ணு வாங்குனது இன்னொண்ணு கேக்காம உடுமுங்களா?"

"கேட்டா உன்ர இட்டிலி ரெண்டு குடுத்துப் பார்க்கறேன், ஆராயி. அதுக்கப்புறம் அது ஆரையும் கேக்காது" என்றார் சண்முகவேல்.

"நல்லாப் பேசுங்க! புள்ளையத்தான் பெக்கல, மூணு மோட்டாரப் பெத்து வெச்சிருக்கீங்க. ஒண்ணுகூடக் கஞ்சி ஊத்தப் போறதில்ல."

கந்தம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பற்றிய பேச்சு அவளுக்கு முள்ளாகத் தைத்தாலும் ஆராயியின் மேல் கோபம் வரவில்லை. ஆராயி மனதில் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் வாயில் வைத்திருப்பவள்.

மலை ஏறும் பஸ்கள் அடிவாரத்தில் நின்றுதான் போகும். என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொட்டகைக் கிணற்றிலிருந்து கந்தம்மாள் நீர் இறைத்துத் தொட்டியில் நிரப்பி வைப்பாள். டிரைவர் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் ஏறியிருந்தவர்கள் இறங்கி, "பழைய மோட்டார் காட்சி" என்று எழுதின பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார் சண்முகவேல். ஒரு கை கடலைக்காய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். பித்தளை மூக்கின் ரப்பர் ஊதுகுழலைக் கிழவிகளை விட்டு அமுக்கச் சொல்வார். அது கத்துகிற கத்தலில் அவர்கள் துள்ளி விழுவார்கள். கறுப்பு வண்டியிடம் வந்தால் மட்டும் கூட்டம் தானாகவே ஒதுங்கும். சிலர் அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவதுண்டு.

ஊர் முழுக்கப் பயந்தது கறுப்பு வண்டிக்குத்தான். கந்தம்மாள் தினம் அதைத் துடைத்தாள். துடைக்கும்போது அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை.

உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வந்தது. சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸில் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடின வருஷத்தில், பஸ்களெல்லாம் முதுகில் ஆளுயர இரும்பு அடுப்பைச் சுமந்துகொண்டு வரத் தொடங்கின. அடுப்பில் கரியைப் போட்டு மூட்டி, கையால் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊதி, அதிலிருந்து வருகிற கரிவாயுவில் என்ஜினை ஓட்டினார்கள். மேட்டில் மூச்சுத் திணறும். ஏறினவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் ஓடியது.

அந்தக் கரி பஸ் ஒன்றின் டிரைவர் வீரபாகு. சண்முகவேலுக்குப் பழைய சிநேகிதன், கந்தம்மாளை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் ஒரு நாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, பட்டறையில் கழித்துப் போட்ட சின்ன அடுப்பு ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டான். சண்முகவேலுக்கு முகமெல்லாம் பல்.

அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மலைப்பாதை டிரைவர்கள் எல்லாருக்கும் இருந்ததுதான். ஆயுத பூசையன்று குரல் கொடுக்காத வண்டி பிணம். மற்ற நாளில் ஓடாமல் கிடக்கலாம், பூசையன்று ஒரு தரமாவது உறுமியாக வேண்டும். போன வருஷம்வரை எங்கெங்கோ கெஞ்சிக் கொஞ்சம் பெட்ரோல் வாங்கித் துரை வண்டியை உறும வைத்துவிடுவார். மற்ற இரண்டுக்கும் அதுவே சேர்த்துக் குரல் கொடுத்ததாகக் கணக்கு. இந்த வருஷம் பெட்ரோல் வாசனைகூடக் கிடைக்காது. கரி கிடைக்கும்.

அடுப்பைக் கொண்டுவந்து துரை வண்டியின் பின்னால் மாட்டும்போது வீரபாகு சொன்னான். "மாமா, வண்டி நின்னதும் கம்பியப் போட்டு நெருப்புக் கங்கையெல்லாம் வெளிய வாரிக் கொட்டிப்போடோணும். மறந்துபோடாதீங்க. வண்டி நின்னாலும் அடுப்பு நிக்காது, உள்ள குமுறிக்கிட்டே கெடக்கும். போன மாசம் எங்க கண்டக்டர் ஒருத்தரு, குளுருக்கு எதமா இருக்குதுன்னு ஷெட்டுல அடுப்போரமாப் படுத்தாரு. காலையில எழுப்புனா எந்திரிக்கல. மூஞ்சியப் பார்த்தா தூங்கற மாதிரியேதான் இருந்துச்சு."

"சரக்குப் போட்டிருப்பான்" என்றார் சண்முகவேல்.

"அப்படித்தான் மொதலாளியும் சொன்னாரு" என்று வீரபாகு சிரித்தான்.

கந்தம்மாள் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்குகிற மாதிரியே இருந்த அந்த முகம், பார்க்காமலே அவள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பூசைக்கு முன்னால் ஒரு நாள் சோதனை பார்த்தார்கள். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. விசிறியைச் சுற்ற, அடுப்பு சிவக்க, ஹேண்டிலைப் போட்டதும் துரை வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. நிறுத்தினதும் வீரபாகு சொன்னபடியே சண்முகவேல் நுனி வளைந்த புதுக் கம்பியால் கங்குகளை வாரி வெளியே மண்ணில் கொட்டினார். சாயந்திரம் கந்தம்மாள் கொட்டகையைக் கூட்டும்போது, துரை வண்டியின் கூரைமேல் ஒரு குருவிக்குஞ்சு செத்துக் கிடந்தது. சரியாக அடுப்புக்கு மேலேயிருந்த கூட்டுக் குஞ்சு. அடிபட்ட காயம் இல்லை. அவளுக்கும் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன, கால் லேசாகத் தள்ளாடியது.

அதை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோய்ப் புருஷனிடம் காட்டினாள்.

"பூனை தட்டியிருக்கும், புள்ள."

"பூனை தட்டுனா தின்னிருக்குமுங்க." பிறகு, "அந்த அடுப்பு வண்டிய வெளிய நிறுத்திக்கலாமுங்க" என்றாள்.

சண்முகவேல் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "அட, நீ வாயத் தொறந்துட்டியா? இனி மழை கொட்டப் போவுது! பூசையன்னிக்குச் சாமியத் தெருவுல நிறுத்தறதா? நீ பேசாம சுண்டலுக்கு ஊறப்போடு, புள்ள."

அவள் குஞ்சைப் புளியமரத்தடியில் புதைத்தாள். அடுத்த நாளும் தலைவலி இருந்தது. கறுப்பு வண்டியைத் துடைத்தபோது, அதன் கண்ணாடியில் பின்னால் நின்ற இரும்பு அடுப்பு நிழலாகத் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு யாரோ உள்ளே வந்து நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

பூசையன்று காலையிலிருந்தே மலையுச்சியில் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. சண்முகவேல் தலைக்குக் குளித்து, வண்டிகளுக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். வாழையிலை விரித்த பலகைமேல் ஆயுதங்களை அடுக்கினார். ஸ்பானர்கள், சுத்தியல், ஜாக்கி, எண்ணெய்க்குப்பி, எல்லாவற்றுக்கும் நடுவே இந்த வருஷத்துப் புது ஆயுதமான கங்குக் கம்பி. எல்லாவற்றையும்விட அதைத்தான் பளபளவென்று தேய்த்திருந்தார். அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தவள் கந்தம்மாள். வைக்கும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னாளில் அந்தப் பொட்டை நினைக்காத நாள் அவளுக்கு இல்லை.

வீரபாகுவின் பஸ்ஸும் வந்து நின்றது. அதற்கும் மாலை. ஏறியிருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து கூடினார்கள். சூடம் காட்டினதும் சண்முகவேல் ஹேண்டிலை இழுத்தார். துரை வண்டி உறுமியது. கொட்டகையே நடுங்கியது. வண்டி ஓர் அடி முன்னே நகர்ந்து பழத்தை நசுக்கினதும், "அரோகரா!" என்று கூட்டம் கத்தியது. பொங்கலும் சுண்டலும் கைமாறின. வீரபாகுவின் பஸ் இருமிக்கொண்டே மலை ஏறியது. என்ஜினை நிறுத்தினார்கள். கூட்டம் கலைந்தது.

கந்தம்மாள் அடுப்பைப் பார்த்தாள். இரும்புத் தகட்டின் மேல் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"கங்கு வாரலீங்களா?"

"எதுல வாரறது, கையிலயா? கம்பி பூசையில இருக்குதே." பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் விளக்கேற்றி எடுக்கும்வரை தொடக் கூடாது. எந்தப் பட்டறையிலும் தொடமாட்டார்கள். சண்முகவேல் அடுப்பின் வாயைத் தகரத்தால் மூடினார். "மூடி போட்டாச்சு. காத்தில்லாம தானா அவிஞ்சு போவும். நீ ஆராயிக்குச் சுண்டல் கொண்டுபோய்க் குடு. பாவம், கறுப்பு வண்டிக்குப் பயந்துகிட்டு வரலை."

கம்பியை எடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. பூசைப் பலகையிலிருந்து ஓர் ஆயுதத்தை எடுக்கச் சொல்லி எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்? சொன்னால் அவர் என்ன பதில் சொல்வாரோ, அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? சுண்டல் தூக்கை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அவள் ஆராயியின் கடைக்குள் நுழையவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மலையிலிருந்து இறங்கின காற்று மழையைச் சாய்த்துக் கொட்டகைக்குள் அடித்தது. பூசை விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று சண்முகவேல் ஓடிவந்து இரண்டு கதவையும் இழுத்துச் சாத்துவது தெரிந்தது. உள்ளே குறுக்குக் கட்டை விழுகிற சத்தம் மழையிலும் கேட்டது. இனி அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டால் துரை வண்டியின் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துவிடுவது அவர் வழக்கம். அந்தச் சீட்டுக்குப் பின்னால்தான் அடுப்பு.

"உக்காரு, ஆத்தா. மழை உட்டதும் போலாம்" என்றாள் ஆராயி, சுண்டலை மென்றுகொண்டே. "உப்புச் சித்தெ தூக்கல். உன்ர ஊட்டுக்காரரு பேச்சாட்டவே இருக்குது."

கந்தம்மாள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எதிரேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விடாமல் அரைமணி நேரம் கொட்டியது.

"அந்தக் கறுப்புச் சனியனுக்கும் மாலை போட்டாரா? போட்டிருப்பாரு. நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கறேன், அது ஒரு நாளைக்கு..."

"ஆராயக்கா, குருவி."

கொட்டகை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து ஒரு குருவி வெளியே வந்தது. கொட்டுகிற மழையில் தத்தித் தத்திப் பறந்து புளியங்கிளையில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து.

"வரட்டுமே. ஆயுத பூசைக்கு அதுங்க தலைக்குக் குளிக்க வேண்டாமா?"

"மழையில எந்தக் குருவியாச்சும் கூட்ட உட்டு வெளிய வருமாங்க்கா?"

ஆராயி பதில் சொல்லும் முன்னே, அடுத்து வந்த குருவி இடுக்கின் விளிம்பில் ஒரு கணம் நின்றது. சிறகை விரிக்கவேயில்லை. கல்லைப்போலக் கீழே விழுந்தது.

தூக்கு எங்கே விழுந்தது என்று கந்தம்மாளுக்குத் தெரியாது. தெருவில் முழங்காலளவு செந்தண்ணீர் ஓடியது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் கத்தினது அதுதான் முதல் தடவை. அந்தக் குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. உள்ளேயிருந்து சத்தமில்லை.

கொட்டகையின் பின்சுவர் ஒரு மூலையில் இடிந்து, அங்கே பனையோலைத் தட்டி வைத்துக் கட்டியிருந்தது. சுற்றி ஓடினாள். ஈர ஓலையைப் பிய்த்து எறிந்தாள், கை கிழிந்தது. பின்னாலேயே வந்த ஆராயி, "உள்ள போவாத கந்தம்மா! கறுப்பு வண்டி கேக்குது, போவாத!" என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். முந்தானையை அவள் கையிலேயே விட்டுவிட்டுக் கந்தம்மாள் ஊர்ந்து உள்ளே போனாள்.

உள்ளே பயப்படும்படியாக ஒன்றுமே இல்லை. புகை இல்லை, நாற்றம் இல்லை. பூசை விளக்கு அசையாமல் அழகாக எரிந்துகொண்டிருந்தது. சாமந்தி வாசம். பித்தளை மூக்கில் சுடரின் நிழல். மழைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. சண்முகவேல் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். முகம் கல்யாணத்தன்று இருந்ததுபோலச் செக்கச்செவேலென்று இருந்தது. தூங்குகிற மாதிரியேதான் இருந்தார்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை தொங்கியது. கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். பாதி உடம்பு வெளியே வந்தபோது அவளுடைய கால் கழன்றதுபோலாயிற்று. நெற்றியில் யாரோ முளை அடித்தார்கள். கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம், அவரோடு ஒரு நிமிஷம் சாய்ந்துகொள்ளலாம் என்று இனிமையாக ஓர் எண்ணம் வந்தது. அந்த இனிமைதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அவரை அப்படியே தரையில் விட்டுவிட்டுக் கதவுக்குப் போனாள்.

குறுக்குக் கட்டை நனைந்து ஊதியிருந்தது. வெளியேயிருந்து காற்று கதவைத் தள்ள, கட்டை கொண்டியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. தோளால் முட்டிப் பார்த்தாள், அசையவில்லை. திரும்பினாள். விளக்கு வெளிச்சத்தில் பூசைப் பலகை. நடுவில் சந்தனமும் குங்குமமுமாகக் கங்குக் கம்பி.

அவள் யோசித்தாள் என்று சொன்னால் பொய். கை போய்விட்டது. பூ சிதறியது, எண்ணெய்க்குப்பி உருண்டது. கம்பியின் வளைந்த நுனியைக் கட்டைக்கு அடியில் கொடுத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு நெம்பினாள். கட்டை எகிறியது. காற்று இரண்டு கதவையும் உதைத்துத் திறந்தது. விளக்கு பொசுக்கென்று அணைந்தது. மழை உள்ளே வந்து அவள் முகத்தில் அறைந்தது.

சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்த ஆராயி முதலில் பார்த்தது கந்தம்மாள் கையிலிருந்த கம்பியைத்தான். "அட பாவி! பூசை ஆயுதத்தத் தொட்டுப்போட்டியே!" என்று அலறினாள். அலறிக்கொண்டே ஓடிவந்து சண்முகவேலின் ஒரு காலைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அவரைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போட்டார்கள். மழை அவர் வாயிலும் கண்ணிலும் விழுந்தது. நெடுநேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போட்டது. பொங்கலும் சுண்டலுமாக வாந்தி எடுத்தார். கந்தம்மாள் அப்போதும் கம்பியை விடவில்லை என்பதை ஆராயிதான் விரல் விரலாகப் பிரித்து உணர்த்தினாள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் முழுசாகத் திரும்பி வரவில்லை. கை நடுங்கியது. காலை ஊன்றி நடக்க மாசக்கணக்கானது. பித்தளை மூக்கின் முன்னால் நின்றுகொண்டு, "இது ஆரு ஊட்டு வண்டி?" என்று கேட்பார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசின மனுஷன், ஒரு வார்த்தைக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கறுப்பு வண்டி காவு கேட்டது, பூசையால் உயிரோடு விட்டது, பெண்டாட்டி ஆயுதத்தைத் தொட்டுக் கலைத்ததால் புத்தியை எடுத்துக்கொண்டது. கிணற்றடியில் அவள் காதுபடவே பேசினார்கள். ஆராயியும் அந்தப் பேச்சில் உண்டு. பேசிவிட்டு ராத்திரிக் கஞ்சியைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டும் போவாள்.

வீரபாகு அடுத்த வாரம் வந்தான். அடுப்பைத் திறந்து பார்த்தான். பாதி எரிந்த கரியை விரலால் கிளறினான். அவன் முகம் வெளுத்ததைக் கந்தம்மாள் பார்த்தாள்.

"நீங்க கம்பிய எடுக்காட்டி ரெண்டு பொணமுங்க்கா" என்றான் மெதுவாக.

"அத அவியகிட்டச் சொல்லு, தம்பி." வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் நின்றிருந்தார்கள். ஆராயி நின்றிருந்தாள்.

வீரபாகு அவர்களைப் பார்த்தான், தன் பஸ்ஸின் முதுகில் கனிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தான். "அடுப்புதான் ஆளக் கொல்லுதுன்னு சொன்னா, பஸ்ஸுல எவனுங்க்கா ஏறுவான்? மொதலாளி என்னைய உடமாட்டாரு" என்றான். தண்ணீர்கூட ஊற்றாமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனான். பின் வரிசை ஜன்னலில் ஒரு தாய் குழந்தையை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த பஸ் வளைவில் மறையும்வரை கந்தம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கொட்டகையை மூடிவிடச் சொன்னார்கள். அவள் மூடவில்லை. ஓர் ஆசாரியைக் கூட்டிவந்து இரண்டு கதவையும் கழற்றச் சொன்னாள். ஒரு கதவு அடுப்பெரிக்கப் போனது. மற்றதற்குக் கால் வைத்துப் புளியமரத்தடியில் சண்முகவேலுக்குக் கட்டிலாகப் போட்டாள். பின்சுவர்த் தட்டியைத் திரும்பக் கட்டவில்லை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. "திருடன் வந்தா?" என்று கேட்டவர்களுக்கு, "தள்ளிக்கிட்டுப் போகட்டுமுங்க" என்றாள்.

பஸ்ஸில் வந்தவர்களுக்கு இப்போது அவள்தான் காட்டினாள். முதலில் விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. பிறகு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. இது துரை வண்டி. இதுல கோழி குஞ்சு பொரிச்சுதுங்க. கறுப்பு வண்டிக்கு வந்து, ஜனங்கள் பின்வாங்கும்போது, "இது ஒண்ணும் பண்ணாதுங்க" என்பாள். பிறகு கரியடுப்பைக் காட்டி, பஸ்ஸில் ஏறப்போகிறவர்களிடம் தணிந்த குரலில் சொல்வாள்: "பின் சீட்டுல உக்காந்தா ஜன்னலச் சாத்தாதீங்க. பஸ்ஸு நின்னா எறங்கி நில்லுங்க. தூங்காதீங்க." சிலர் கேட்டார்கள். சிலர், புருஷனுக்கு அப்படி ஆனதிலிருந்து அந்தம்மாவுக்கும் கொஞ்சம் கலக்கம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

குருவிகள் திரும்பவேயில்லை. கூடுகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. வைக்கோல் மட்டும் காற்றில் ஆடியது.

மறு வருஷம் ஆயுத பூசை வந்தது. சண்முகவேலுக்கு அன்று என்னவோ தெளிவு. தானே எழுந்து குளித்தார். "வண்டி உறுமோணும். உறுமாத வண்டி பொணம்" என்றார். அந்த ஒரு வார்த்தை அவருக்கு மறக்கவில்லை. கந்தம்மாள் மறுக்கவில்லை. ஆட்களை வைத்துத் துரை வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, தெருவோரத்துக்கே தள்ளிவரச் சொன்னாள். சாமியைத் தெருவில் நிறுத்துகிறாள் என்று ஆராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சண்முகவேல் நடுங்குகிற கையால் பலகைமேல் ஆயுதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, எண்ணெய்க்குப்பி. எல்லாம் வைத்தபிறகும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார்.

"இங்க ஒண்ணு இருக்கோணுமே. கம்பி. கம்பி எங்க, புள்ள?"

கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. கந்தம்மாள் அடுப்பின் பக்கத்தில் நின்றிருந்தாள். சந்தனமும் இல்லாமல் பொட்டும் இல்லாமல், கரி படிந்த கம்பி அவள் கையில் இருந்தது.

"இங்க இருக்குதுங்க. இது பூசைக்கு வராது."

"ஆயுதத்தை வெக்காம எப்படி?"

"மத்ததையெல்லாம் வெச்சுக்குங்க. இது என்ர கையிலயே இருக்கட்டும்" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். சூடம் காட்டி, வண்டி உறுமி, எலுமிச்சம்பழம் நசுங்கி முடியும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. என்ஜின் நின்ற மறுகணம் அடுப்பின் வாயைத் திறந்து, கடைசிக் கங்குவரை வாரி ஈர மண்ணில் கொட்டினாள்.